துளையை அளக்கும் முன் அந்த மூன்று எழுத்துகளைப் படியுங்கள்

அம்பத்தூரில் மெஷின் ஷாப் இன்ஸ்பெக்‌ஷனில் எனக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் துளையைப் பார்த்ததும் வெர்னியரை எடுத்துவிடுகிறார்கள். அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, டிராயிங்கைப் படிக்கச் சொல்வேன்.

ஒரு மவுண்டிங் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். தடிமன் 20 மி.மீ., நான்கு துளைகள், விட்டம் 8.0 முதல் 8.2 வரை. அதற்குக் கீழே ஒரு நீளக் கட்டம்: வட்டத்தின் மேல் கூட்டல் குறி (பொசிஷன், அதாவது துளை இருக்க வேண்டிய இடம்), அடுத்து விட்டக் குறியோடு 0.2, பக்கத்தில் வட்டத்துக்குள் எம், பிறகு ஏ, பி, சி. ஒரு துளைக்கு 40, 25 என்ற தூரங்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி போட்ட அளவு துளை மையத்தின் சரியான இடத்தைச் சொல்கிறது. டிராயிங்கின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில் உள்ள பொது டாலரன்ஸை (அனுமதித்த விலகலை) அதற்குப் போடக் கூடாது. எவ்வளவு விலகலாம் என்பதை 0.2 சொல்லிவிட்டது.

சரி, எங்கிருந்து 40? அதற்குத்தான் ஏ, பி, சி என்ற எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு டேட்டம், அதாவது அளவு தொடங்கும் இடம். டேட்டம் முக்கோணம் ஒரு முகத்தின் கோட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த முகம்தான் டேட்டம். விட்ட அளவுக் கோட்டுக்கு நேராக நின்றால் டேட்டம் அதன் அச்சு. இங்கே மூன்றும் முகங்கள்.

ஏ முகத்தை ஆங்கிள் பிளேட்டில் (செங்குத்து முகம் உள்ள எல் வடிவத் தாங்கி) முழுதாகப் படியவைத்து, பி பக்கம் கீழே சர்ஃபேஸ் பிளேட்டை (அளக்கும் சமதள மேஜை) தொடும்படி இறக்கி கிளாம்ப் செய்யுங்கள். ஏ-க்குப் பின்னால் 0.02 ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) நுழையக் கூடாது. பி-க்கு அடியில் ஓர் ஓரமாக வெளிச்சம் தெரியலாம். தெரியட்டும், அதைச் சரிசெய்யப் போய் ஏ-யைத் தளர்த்திவிடாதீர்கள். ஏ முதலில் என்றால் அர்த்தம் அதுதான். சி-க்கு, கிளாம்பை அவிழ்க்காமல் ஆங்கிள் பிளேட்டோடு 90 டிகிரி திருப்பி, சி-யில் வெளியே துருத்திய புள்ளியிலிருந்து அளக்க வேண்டும்.

முன்பு நான் இருந்த ஒரு ஷாப்பில் இதே மாதிரி பிளேட் ஒரு லாட் முழுக்க அசெம்பிளியிலிருந்து திரும்பி வந்தது. ஆபரேட்டர் பி பக்கத்தை வைஸில் இறுக்கித் துளை போட்டிருந்தார். பி, ஏ-க்குச் செங்கோணமாக இல்லை. வைஸ் இறுக இறுக ஏ ஓர் ஓரம் தூக்கிக்கொண்டது. நான் துளையின் ஒரு வாயில் மட்டும் அளந்து ஓகே போட்டிருந்தேன். மறுவாயில் மையம் 0.25 தள்ளி இருந்தது. டாலரன்ஸ் என்பது ஏ-க்கு நிமிர்ந்து நிற்கும் ஓர் உருளை, முழு ஆழத்துக்கும் துளையின் அச்சு அதற்குள் இருக்க வேண்டும். அன்றிலிருந்து துளையில் இறுக்கமாக உட்காரும் பின்னைப் போட்டு, வெளியே 20 மி.மீ. நீட்டவிட்டு, அடியிலும் நுனியிலும் லீவர் டயலால் (சிறு உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கருவி) தொட்டுப் பார்க்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 20 ஆழத்தில் துளை சாய்ந்த அளவு.

அப்புறம் கணக்கு. சாயாத ஒரு துளையில் 40.12, 25.09 வந்தது என்றால் விலகல் 0.12, 0.09. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.15. 0.2-க்குள் இருக்கிறதே என்று இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். கட்டத்தில் இருப்பது விட்டம், உங்கள் கையில் இருப்பது ஆரம். இரண்டால் பெருக்கினால் 0.30, ஜாப் வெளியே.

ஆனால் வட்டத்துக்குள் எம் இருக்கிறது. துளை மிகச் சிறியதாக, 8.0 ஆக இருக்கும்போது மட்டுமே 0.2. துளை பெரிதாகும் அளவுக்கு டாலரன்ஸும் கூடும், ஏனென்றால் போல்ட் நுழைய இடம் கிடைக்கிறது. பின் கேஜில் (துளைக்குள் போட்டு விட்டம் பார்க்கும் அளவு உருளை) துளை 8.12 என்றால் அனுமதி 0.32. ஜாப் பாஸ். எம் இல்லாத டிராயிங்கில் இதே 0.30 ரிஜெக்ட்தான். அதனால் ரிப்போர்ட்டில் பொசிஷன் அளவுக்குப் பக்கத்திலேயே அந்தத் துளையின் விட்டத்தையும் எழுதுங்கள். 0.30 எப்படிப் பாஸ் ஆனது என்று கஸ்டமர் கேட்டால் அந்த ஒரு எண்தான் பதில்.