மெயின் லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறுவதும் திரும்புவதும்

மின்தடையின்போது ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பதில் மற்ற எல்லாவற்றுக்கும் முந்திய விதி ஒன்று உண்டு. மெயின் லைனும் ஜெனரேட்டரும் எந்த நிலையிலும், கண நேரம்கூட, ஒன்றோடொன்று இணையக் கூடாது. தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்து வீடுகளுக்குத் தருகிறது என்பதை எல்லோரும் அறிவோம். அதே டிரான்ஸ்ஃபார்மர், வீட்டுப் பக்கமிருந்து 230 வோல்ட் உள்ளே சென்றால், அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி மறுபக்கம் அனுப்பிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைப் பறிக்க அது போதும். மெயின் திரும்ப வரும்போது இரண்டும் மோதினால் ஜெனரேட்டரும் எரிந்துபோகலாம்.

இதனால்தான், இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒயரைக் கொண்டு சுவரில் உள்ள சாக்கெட் வழியாக வீட்டுக்கு மின்சாரம் ஏற்றும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே செய்கிறோம் என்று சிலர் சொல்வதுண்டு. இருட்டில், அவசரத்தில், வீட்டில் இருக்கும் வேறொருவர் அதைச் செய்யும்போது அந்த ஒரு சுவிட்சை மறந்துவிட்டால் தடுக்க எதுவும் இல்லை. அதோடு, ஒரு முனை கழன்று விழுந்தால் அந்தப் பிளக்கின் பித்தளைக் கம்பிகளில் மின்சாரம் திறந்த நிலையில் நிற்கும்.

முறையான வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அதன் கைப்பிடிக்கு மூன்று நிலைகள் உண்டு: ஒரு பக்கம் மெயின், மறு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டோடும் சேராத ஆஃப். ஒன்றை விட்ட பிறகே மற்றொன்றைத் தொடும்படி அதன் அமைப்பே இருப்பதால், ஆளின் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. சிங்கிள் பேஸ் இணைப்புக்கு இரண்டு ஒயர்களைச் சேர்த்து மாற்றும் ‘டூ போல்’ (2-pole) சுவிட்சும், மூன்று பேஸ் இணைப்புக்கு நான்கு ஒயர்களை மாற்றும் ‘ஃபோர் போல்’ (4-pole) சுவிட்சும் வாங்குவது நல்லது. அப்போது பேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாறும். ஆனால் நியூட்ரல் மாறுகிற அமைப்பில் ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் பக்கத்திலேயே எர்த்துடன் இணைக்க வேண்டியிருக்கும். அந்த இணைப்பு இல்லாவிட்டால், மின்கசிவின்போது இணைப்பைத் துண்டித்துக் காக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. என்னும் சுவிட்ச், ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் வேலை செய்யாமல் போகக்கூடும். எர்த் ஒயர் மட்டும் எந்தச் சுவிட்சின் வழியாகவும் போகக் கூடாது. இந்த வேலை முழுவதையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே ஒப்படையுங்கள். மூன்று பேஸ் என்றால் பேஸ் வரிசை இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று அவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். வரிசை மாறியிருந்தால் மூன்று பேஸ் மோட்டார்கள் எதிர்த் திசையில் சுழலும்.

இனி மாற்றும் முறை. மின்சாரம் நின்றதும் ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் போன்ற பெரிய சாதனங்களின் எம்.சி.பி.க்களை (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்சுகளை) முதலில் அணைத்துவிட்டு, கைப்பிடியை நடு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு ஜெனரேட்டரை, எந்த லோடும் இல்லாமல், ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடம் திறந்த வெளி. வராந்தாவோ, ஷட்டர் பாதி திறந்த கார் நிறுத்துமிடமோ போதாது, ஏனென்றால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சின் சத்தம் சீரானதும் வோல்ட் மீட்டரைப் பார்த்து, முள் 230-ஐ ஒட்டி அசையாமல் நின்றால் மட்டுமே கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் தள்ளுங்கள். லோடு இல்லாதபோது அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டினால் அஞ்ச வேண்டாம், லோடு ஏறும்போது அது இறங்கிவிடும்.

பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, போட வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான். 5 கே.வி.ஏ. (5,000 வோல்ட்-ஆம்பியர்) ஜெனரேட்டர், பவர் ஃபேக்டர் (அதில் வாட்டாகக் கிடைக்கும் பங்கு) 0.8 என்றால், 4,000 வாட்டுக்கு மேல் தாங்காது. ஒரு மோட்டாரோ, நேரடியாகக் கிளம்பும் கம்ப்ரசரோ, கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்து, ஆறு மடங்கு கரண்ட்டை இழுக்கும் என்பதால், மிகப் பெரிய மோட்டாரை முதலில் போட்டு, அது வேகம் பிடித்த பிறகே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும்.

மெயின் திரும்பி வந்த நொடியிலேயே மாற்றிவிடாதீர்கள். வந்த மின்சாரம் மீண்டும் போகலாம், வோல்டேஜும் ஏறி இறங்கலாம். ஐந்து நிமிடமாவது பொறுத்து, பெரிய லோடுகளை அணைத்து, கைப்பிடியை நடுவில் நிறுத்தி, பிறகு மெயினுக்குக் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜையும் ஏசியையும் அணைத்து மூன்று நிமிடம் கழித்தே மறுபடி போட வேண்டும். உள்ளே அழுத்தம் சமனாகாத கம்ப்ரசர் கிளம்பத் திணறும். ஜெனரேட்டரை லோடு இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டு, சூடு தணிந்த பின் நிறுத்துங்கள். பெட்ரோல் ஊற்றுவதும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே.

தானாகவே மாற்றும் ஏ.டி.எஸ். பெட்டி இருந்தால் இதே வரிசையை அது டைமர்களைக் கொண்டு செய்கிறது. வீட்டில் எப்போதும் ஆள் இருக்குமானால் கைப்பிடி உள்ள சுவிட்சே போதும் என்பது என் எண்ணம். ஏ.டி.எஸ். போடுவதானால், மெயினையும் ஜெனரேட்டரையும் இணைக்கும் இரு கான்டாக்டர்களுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளுக்கு) இடையே, இரண்டும் ஒரே நேரத்தில் மூடாமல் தடுக்கும் மின் இன்டர்லாக் மட்டுமின்றி மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னும் ஒரு கவனம் தேவை. மெயின் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் மெயின் நின்றதை மின்தடை என்று எடுத்துக்கொண்டு அது பேட்டரிக்கு மாறிவிடுகிறது. ஆகவே மின்விசிறியைக் கழற்றுவதற்கோ சுவிட்ச் பெட்டியைத் திறப்பதற்கோ முன், மெயினையும் அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் அவுட்புட் பக்கத்து எம்.சி.பி.யையும் இறக்கி, டெஸ்டரால் ஒயரைத் தொட்டுப் பார்த்த பிறகே கை வையுங்கள். அந்த டெஸ்டர் எரிகிறதா என்பதை அதற்கு முன்பே மின்சாரம் உள்ள ஒரு சாக்கெட்டில் சரிபார்த்திருக்க வேண்டும்.