பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டத்தைக் கணிப்பவர்கள் செய்யும் தவறுகள்

"வெளிநாட்டுக்காரர்களே வரவில்லை, நுவரெலியாவில் கூட்டம் இருக்காது" என்று நம்பி, 2021 ஏப்ரலில் பல குடும்பங்கள் இலங்கையின் அந்த மலை நகரத்துக்கு ஏறின. அந்த நம்பிக்கைக்கு ஓர் எண் துணை நின்றது. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டியிருந்த, இலங்கைக்கான வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, 2020இல் சுமார் 5 இலட்சமாகச் சரிந்தது. 2021 முழுவதிலும் 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆனால் சித்திரைப் புத்தாண்டுக்கு நுவரெலியாவை நிறைப்பவர்கள் உள்நாட்டு மக்கள். அவர்கள் அந்த எண்ணில் அடங்கவில்லை. நாடெங்கும் அந்தப் புத்தாண்டு நடமாட்டத்தைத் தொடர்ந்து கொவிட் தொற்றின் மூன்றாம் அலை எழுந்தது. மே 21இல் பயணத் தடை வந்தது. விமான நிலையத்து எண்ணைக் கொண்டு நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரையை அளப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஆண்டு மொத்தத்தைப் பார்த்து ஒரு நாளின் நெரிசலை முடிவு செய்வதும் அப்படித்தான். புளோரிடாவின் மேஜிக் கிங்டம் கேளிக்கைப் பூங்காவுக்கு 2019இல் சுமார் 2.1 கோடிப் பேரும், 2020இல் சுமார் 69 இலட்சம் பேரும் சென்றதாக மதிப்பிடப்பட்டது. அதை வைத்து, எந்த நாளில் போனாலும் மூன்றில் ஒரு பங்குக் கூட்டம்தான் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மார்ச் நடுப்பகுதி முதல் ஜூலை 11 வரை அது பூட்டியே கிடந்தது. அதற்கு முந்திய மாதங்களில் வழக்கமான கூட்டம்.

சதவீதத்திலும் கவனம் வேண்டும். 2020 மே 11இல் ஷாங்காய் டிஸ்னிலாந்து மீண்டும் திறந்தபோது அரசு விதித்த உச்சவரம்பு 30 சதவீதம். கேட்கச் சிறிதாக இருக்கிறது. தலைகளை எண்ணினால் 24,000. அங்கே திகதியிட்ட டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டியிருந்ததால் வரம்பைக் காக்க முடிந்தது. வாசலுக்கு வந்தபின் டிக்கெட் வாங்கும் நம் வழக்கத்தில், வந்தவர்களைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்?

வரிசையின் நீளமும் ஏமாற்றும். இடைவெளி விட்டு நின்றால் சிறு கூட்டமும் நீண்டு தெரியும். நம் மலைகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்காவின் பரப்பில் ஆட்கள் சிதறி நிற்கும்போது இடம் வெறிச்சோடியதாகவே தோன்றும். மழை இறங்கியதும் அத்தனை பேரும் ஒரே கூரைக்கடியில் ஒதுங்குவார்கள். தேநீர்க் கடை நிரம்பிவிடும். குளிருக்குப் பயந்து வான் வண்டியின் கண்ணாடிகளையும் ஏற்றிவிடுவார்கள். கொவிட் பரவ வசதியானது இப்படி அடைபட்ட காற்றுதான். ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, மழை நேரத்தில் எங்கே ஒதுங்குவார்கள் என்று யோசியுங்கள். மழை பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும் மாதம் ஏப்ரல். வார நாளின் காலைப் பொழுதே நல்லது.

கணக்கில் விடுபடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர்களும், படகு தள்ளுபவர்களும், அறை துடைப்பவர்களும் பலர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். வேலை முடிந்து அவர்கள் திரும்புவது லயத்து அறைக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறைக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பமே படுக்கும் இடத்தில், ஒருவரைத் தனிமைப்படுத்த எங்கே இடம்? சுற்றுலா வந்தவர் ஊர் திரும்பிவிடுவார். தொற்று லயத்தில் தங்கிவிடும். காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், முற்பணம் போனாலும் போகட்டும்.