பெரியவர் காதில் போடும் முன்

காரைக்குடிப் பக்கம் குழந்தைகள் ஆலோசனை வேலைக்குப் புதிதாக வருபவர்கள், வீட்டுக்குள் நடந்த பாலியல் தொல்லை என்றதும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். குழந்தையை அதட்டக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விடுவோம்.

‘முதல்ல ஐயாகிட்ட சொல்லிடுங்க’

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். சொத்துப் பாகமும் சீர்வரிசைப் பிணக்கும் ஐயா என்கிற வீட்டுப் பெரியவரை வைத்துப் பேசித் தீர்க்கிற ஊர். இதையும் அப்படியே தீர்க்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு வீட்டில் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) சித்தப்பா முறைக்காரர் ஒருவரைப் பற்றிச் சிறுமி அம்மாவிடம் சொல்லியிருந்தாள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர், நல்லெண்ணத்தில்தான், தாத்தாவிடம் சொல்லும்படி அம்மாவை அனுப்பிவிட்டார். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியிருந்த நேரம். வீட்டுக் கூடமான பட்டாலையில் எல்லார் முன்னாலும் “என்ன நடந்துச்சு, சொல்லு” என்றார்கள். அந்த ஆளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். “சும்மா சொன்னேன்” என்றாள் பிள்ளை. அக்காவுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இதென்ன பேச்சு என்று அம்மாவுக்கும் திட்டு விழுந்தது. அப்புறம் சிறுமி எங்களிடமும் வாய் திறக்கவில்லை. எந்தச் சாதி வீடானாலும் இந்தக் கூட்டம் இப்படித்தான் முடியும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, செய்தவர் உறவினர் என்றால் குற்றம் இன்னும் கடுமையானது. 19ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. ‘மன்னிப்பு கேட்டாச்சு’ என்று மூடிவிட முடியாது. சமரசத்தைக் காட்டி ஓர் உயர் நீதிமன்றம் போக்சோ வழக்கை ரத்து செய்ததை 2024இல் உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது. பிள்ளை ஸ்டேஷன் படி ஏறவும் வேண்டாம். வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க, சீருடை இல்லாமல் வரும் போலீசிடம், கூடியவரை பெண் எஸ்.ஐ.யிடம், சொல்லலாம். அம்மாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

‘அப்பவே ஏன் சொல்லல?’

கேட்காதீர்கள்.

‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்’

சட்டப்படி உங்களால் காப்பாற்ற முடியாத சத்தியம். “உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” போதும்.

பையன்தானே என்று விடுவது

2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் பையன்கள்.

எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது

சீட்டு யார் கையிலாவது சிக்கும். குழந்தைகள் உதவி எண் 1098ஐ மனப்பாடமாகச் சொல்ல வையுங்கள். கூட்டுக் குடும்பத்தில் அம்மாவின் போனும் பல கை மாறும். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து அழிக்கக் கற்றுக்கொடுங்கள்.