தக்காளிச் சாறும் மாசியும்: நாக்கிலுள்ள குளுட்டமேட் ஏற்பியைச் சோதித்து அறியும் முறை

குளுட்டமேட் என்றால் மூளையில் ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தி சொல்லப் பயன்படும் பொருள் என்றே பலரும் படித்திருப்போம். அதைப் பிடித்து உணரும் புரதங்களான ஏற்பிகள் நாக்கு, இரைப்பை, கணையம், எலும்பு ஆகியவற்றிலும் இருக்கின்றன. அவற்றுள் நாக்கிலுள்ளதை நம் அடுப்படியிலேயே சோதித்துவிடலாம்.

முதலில் களியக்காவிளைச் சந்தையிலிருந்து நன்கு பழுத்த தக்காளி இரண்டும் சிறு துண்டு மாசிக் கருவாடும் வாங்கிக்கொள்ளுங்கள். காய்வெட்டான தக்காளி ஆகாது. பழுக்கப் பழுக்கத்தான் அதில் குளுட்டமேட் ஏறுகிறது. தக்காளியை நறுக்கி, உப்புச் சேர்க்காமல், ஒரு தம்ளர் நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். மாசியை மேலுப்புப் போகக் கழுவி, ஒரு தேக்கரண்டி அளவு சீவி, வேறொரு தம்ளர் நீரில் அதேபோல் கொதிக்கவைத்து வடித்து, இரண்டையும் ஆறவிடுங்கள். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் சுவைக்கவே கூடாது.

அடுத்து, மாசியின் மணம் குறுக்கிடாதபடி மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சுவைத்து, இடையில் வாய் கொப்பளியுங்கள். பிறகு அரைக் கரண்டி தக்காளிச் சாற்றில் அரைக் கரண்டி மாசிச் சாற்றைக் கலந்து சுவையுங்கள். கலந்ததால் இரண்டின் செறிவும் பாதியாகிவிட்டது. ஆயினும் எச்சில் ஊறவைக்கும் ஒரு கனத்த சுவை முன்னைவிடக் கூடுதலாக எழுந்து, விழுங்கிய பின்னும் நாக்கில் நிற்கும். இந்தச் சோதனையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இச்சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்துக் காட்டியவர் ஜப்பானின் கிகுனே இகேடா. 1913இல் அவருடைய மாணவர் கொடாமா, மாசியைப் போன்ற சூரைக் கருவாட்டில் இனோசினேட் என்ற, இச்சுவையைக் கூட்டும் பொருளைக் கண்டறிந்தார். நாக்கின் ஏற்பி, மூளையின் சில குளுட்டமேட் ஏற்பிகளுக்குப் பங்காளி முறை. அதன் வெளிப்பகுதி நம் கடற்கரைச் சிப்பியைப் போலத் திறந்து மூடுவது: குளுட்டமேட் கீல் அருகே அமர்ந்ததும் அது மூடுகிறது, இனோசினேட் வாய்ப்பக்கம் ஒட்டி அதைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இரைப்பையில் உணரப்படும் குளுட்டமேட், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியே மூளைக்குத் தெரிவிக்கப்படுகிறது. உணவில் வருவதில் பெரும்பகுதியைக் குடலின் செல்களே எரிபொருளாகச் செலவழித்துவிடுகின்றன. கணையத்தின் நிலை வேறு: அங்கே ஆல்பா செல்கள், இரத்தச் சர்க்கரையைக் கூட்டும் இயக்குநீரான குளுக்ககானுடன் தாமே குளுட்டமேட்டையும் வெளியிட்டு, தம் மேலுள்ள ஏற்பிகளால் அதை உணர்ந்து, குளுக்ககான் சுரப்பை மேலும் கூட்டிக்கொள்கின்றன.