பனி உருகும் நாட்களில் பேஸ்மென்டைக் காப்பது எப்படி

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வருவதற்கு முக்கியமான காரணம், மேலே பனி உருகத் தொடங்கும்போது கீழே நிலம் இன்னும் உறைந்தே கிடப்பதுதான். உறைந்த நிலம் நீரை உறிஞ்சாது என்பதால், உருகிய நீர் சரிவு இருக்கும் பக்கமே ஓடும். அந்தச் சரிவு வீட்டுச் சுவரை நோக்கி இருந்தால், அத்திவாரத்தில் உள்ள சிறு வெடிப்பும் அதற்குப் போதுமான வழியாகிவிடும். பத்துச் சென்ரிமீற்றர் புதுப்பனி உருகினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீர்தான் வரும். ஆனால் மாரி முழுவதும் அமிழ்ந்து இறுகிய பனியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீர் அடங்கியிருக்கும். ஆகவே வெயில் ஏறத் தொடங்கும் முதல் வாரத்திலேயே சுவரோரம் குவிந்திருக்கும் பனியை ஒன்றரை மீற்றருக்கு அப்பால் தள்ளிவிடுங்கள். அயல்வீட்டுச் சுவரின் பக்கம் தள்ளிவிடக் கூடாது.

அடுத்து, கூரைப் பீலியைப் பாருங்கள். இலையுதிர்காலத்துச் சருகுகள் அதில் அடைத்திருந்தால் நீர் வழிந்து நேரே சுவரடியில் விழும். பீலியிலிருந்து இறங்கும் குழாயின் வாய், சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி, நீர் மேலும் விலகி ஓடக்கூடிய இடத்தில் முடிய வேண்டும். பனி அள்ளும்போது சவளில் தட்டுப்பட்டு அந்த அடித்துண்டு கழன்றுபோவது சாதாரணமாக நடப்பது; அதை மீண்டும் பொருத்த ஐந்து நிமிடம் போதும். ரொறன்ரோவில் இக்குழாயை நிலத்தடி வடிகாலுடன் இணைத்து வைத்திருப்பதை மாநகரசபை விதி பொதுவாக அனுமதிப்பதில்லை.

நிலம் இளகியதும் சரிவைத் திருத்துங்கள். சுவரிலிருந்து முதல் ஒன்றரை மீற்றருக்குள் தரை 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை தாழ்ந்து செல்ல வேண்டும். இதற்குக் களிமண் கலந்த மண்ணே ஏற்றது. பூமரங்களுக்குப் போடும் பொலபொலப்பான மண் நீரை உள்ளே விட்டுவிடும். பேஸ்மென்டின் உட்சுவரில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் படிவு தெரிந்தால், சுவரினூடாக ஈரம் வருகிறது என்று பொருள். அதன்மேல் நீர்காப்பு வர்ணம் பூசுவது குறையை மறைக்குமே தவிர, நீரை நிறுத்தாது. அந்தப் பணத்தை வெளிப்புறத்தில் செலவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சம்ப் பம்ப், அதாவது பேஸ்மென்டுத் தரையில் உள்ள குழியில் சேரும் நீரை வெளியே தள்ளும் பம்ப், உள்ள வீடுகளில் அந்தக் குழிக்குள் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். மிதவை உயர்ந்து பம்ப் தானாக இயங்க வேண்டும். வெளியே நீர் தள்ளும் குழாயின் வாயில் பனிக்கட்டி அடைத்திருக்கக் கூடாது. புயலில் மின்சாரம் போகும்போதுதான் பம்ப் மிகவும் தேவைப்படும் என்பதால், பற்றரித் துணை ஒன்றை வைத்திருப்பது நல்லது. வெளிக்குழாயையும் சோதியுங்கள்: அதைத் திறந்து வாயைப் பெருவிரலால் அடைக்கும்போது நீர் எளிதாக நின்றுவிட்டால், சுவருக்குள் குழாய் உறைந்து வெடித்திருக்கக் கூடும்.

நம்மவர்களின் பேஸ்மென்டுகளில் புதிதாக வந்த மாணவர்களும் குடும்பங்களும் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களின் கட்டில்கள் தரையோடு இருப்பதையும், தண்ணீர் வந்தால் யாரை அழைப்பது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதையும் வீட்டுக்காரர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழ்களையும் கலியாண அல்பங்களையும் பேஸ்மென்டுத் தரையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்காமல், மேல்மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை இப்போதே எடுத்துப் படியுங்கள். கழிவுநீர் திரும்பி வீட்டுக்குள் ஏறுவதற்கான காப்பு பெரும்பாலும் தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டியது. அப்படித் திரும்பி வரும் நீரைத் தடுக்கும் வால்வு, சம்ப் பம்ப் ஆகியவற்றைப் பொருத்துவதற்கு ரொறன்ரோ மாநகரசபை மானியம் வழங்குகிறது. விண்ணப்பிக்கும் முன் அதன் நிபந்தனைகளைக் கேட்டறியுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் தண்ணீர் புகுந்துவிட்டால், மின்செருகிகளை எட்டிய நீருக்குள் கால் வைக்காதீர்கள். கழிவுநீராக இருந்தால், வீட்டில் எவரும் மலசலகூடத்தையோ சலவை இயந்திரத்தையோ பயன்படுத்தக் கூடாது. நனைந்தவற்றைப் படம் எடுத்த பின்னரே அப்புறப்படுத்துங்கள். ஓரிரு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பதால், நனைந்த கம்பளத்தை அன்றே வெளியேற்றிவிடுங்கள்.