எந்த வேனுக்கு எந்த லைசென்ஸ்? ஆர்.சி.யைப் பார்த்தே முடிவு செய்யலாம்

கார் லைசென்ஸ் கையில் இருக்கிறது. இப்போது குட்டி யானையோ டெம்போ டிராவலரோ ஓட்ட வேண்டியிருக்கிறது. அதே லைசென்ஸ் செல்லுமா? வண்டியின் பெயரை வைத்தோ அளவை வைத்தோ இதற்குப் பதில் சொல்ல முடியாது. நம் நாட்டு லைசென்ஸ் வகைகளில் 'வேன்' என்று தனியாக எதுவும் இல்லை. ஆகவே, ஓட்டப் போகும் வண்டியின் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். டிஜிலாக்கரில் இருந்தாலும் சரி.

படி 1: ஆர்.சி.யில் இரண்டு விவரங்கள்

முதலாவது, வெஹிக்கிள் கிளாஸ். மோட்டார் கார் என்று இருந்தால் சொந்த உபயோக வண்டி, வெள்ளை போர்டு. கூட்ஸ் கேரியர் (சரக்கு வண்டி), மேக்ஸி கேப் (வாடகைப் பயணிகள் வேன்) என்று இருந்தால் அது டிரான்ஸ்போர்ட் வண்டி, மஞ்சள் போர்டு. இதில் பலர் குழம்புகிறார்கள். சொந்தக் கடைக்குக் காய்கறி மட்டும்தான் ஏற்றுகிறோம், வாடகைக்கு விடவில்லை என்றாலும் சரக்கு வேன் டிரான்ஸ்போர்ட் வண்டிதான்.

இரண்டாவது, எடை. சரக்கு வண்டிக்கும் பயணிகள் வேனுக்கும் லோடோடு சேர்த்த மொத்த எடையைப் பார்க்க வேண்டும். வெறும் வண்டியின் எடையை அல்ல. அது 7,500 கிலோவைத் தாண்டவில்லை என்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அது இலகுரக வாகனம், அதாவது எல்.எம்.வி.

படி 2: உங்கள் வேன் எதில் வருகிறது?

வெள்ளை போர்டு ஆம்னி, ஈகோவில் எந்தச் சிக்கலும் இல்லை. 18 வயது நிரம்பி, எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் போதும்.

மஞ்சள் போர்டு டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாம் 7,500 கிலோவுக்கு வெகு கீழே. டெம்போ டிராவலரும் அப்படித்தான். முன்பெல்லாம் இவற்றை ஓட்ட லைசென்ஸில் டிரான்ஸ்போர்ட் என்று தனியாக ஏற்ற வேண்டும் என்றார்கள். அது இல்லாத டிரைவர் விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி இதைக் காட்டியே பணம் தர மறுத்து வழக்காடும். 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்றது. மறுபடி கேள்வி எழுந்து, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. சின்ன லோடு வண்டியை நம்பிப் பிழைக்கும் டிரைவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய பாதுகாப்பு.

ஆனாலும் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்ட 20 வயது வேண்டும் என்ற வரி சட்டத்தின் 4-வது பிரிவில் இருக்கிறது. 18, 19 வயதுத் தம்பிகள் மஞ்சள் போர்டு வண்டியை எடுக்காமல் பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. அப்புறம் பேட்ஜ், அதாவது வாடகை வண்டி டிரைவருக்குத் தரும் அடையாள வில்லை. அது மாநில விதி. பயணிகளை ஏற்றும் வேன் என்றால் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையில் சேருங்கள்.

கேஸ் சிலிண்டர், ரசாயனம் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றும் வேன் இந்தத் தளர்வுக்குள் வராது. அதற்கு மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். லைசென்ஸிலும் அதைப் பதிய வேண்டும். ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி சின்னதுதானே என்று இதை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது என்ன என்பதுதான் இங்கே கணக்கு.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போகிறீர்களா?

வெள்ளை போர்டு ஆம்னியில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கொண்டுவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இருந்தாலும் இது தவறு. கட்டணத்துக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு பெர்மிட் வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் போட்ட இன்சூரன்ஸும் அந்த ஓட்டத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம். அடிபடுவது குழந்தைகள் என்பதால் இதில் எந்தச் சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டக் கூப்பிட்டால் முதலில் போர்டின் நிறத்தைப் பாருங்கள்.

படி 3: லைசென்ஸே இல்லை என்றால்

சாரதி பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் எல்.எல்.ஆருக்கு (பழகுநர் லைசென்ஸுக்கு) விண்ணப்பியுங்கள். 40 வயதைக் கடந்தவர்கள் படிவம் 1-ஏ-யில் மருத்துவச் சான்றும் வாங்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். அதுவரை வண்டியில் 'எல்' போர்டு கட்டாயம். லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தும் வகையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுப்பதிலும், ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்புவதிலும்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேன் ஓட்டப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கூடுதலாகப் பழகுங்கள். சரக்கு வேனில் பின்கண்ணாடி வழியே எதுவும் தெரியாது. இரண்டு பக்கக் கண்ணாடிகளை மட்டும் நம்பி ரிவர்ஸ் எடுக்கும் பழக்கம் வந்தாக வேண்டும்.

படி 4: 7,500 கிலோவுக்கு மேல்

இங்கே எல்.எம்.வி. மட்டும் போதாது, டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் வேண்டும். 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், எல்.எம்.வி. வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றோடு, டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5 சான்றிதழும் தேவை. முன்பு கேட்ட எட்டாம் வகுப்புத் தகுதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள்.

படி 5: தேதியைப் பாருங்கள்

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்து வருடம்தான் செல்லும். சாதாரண லைசென்ஸை 30 வயதுக்குள் வாங்கினால் 40 வயது வரை செல்லும். 30-லிருந்து 50-க்குள் என்றால் பத்து வருடம். காலாவதியான பிறகு ஒரு நாள் ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. முன்பிருந்த 30 நாள் சலுகை இப்போது கிடையாது. அபராதம் 5,000 ரூபாய். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய் அபராதம் உண்டு. காலாவதியாவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருடம் கடந்துவிட்டால் மறுபடி டெஸ்ட்டில் ஓட்டிக் காட்ட வேண்டிவரும். அதனால் முடியும் தேதியை இன்றே போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள்.