மொட்டைமாடித் தூண்கள்ளி: இரண்டும் ஒரே செடியா என்று கண்டுபிடிப்பது எப்படி

ஒரே நர்சரி, மூன்று பெயர்ச்சீட்டு, மூன்று விலை, மூன்று தூண்கள்ளி. மேலூர் ரோட்டில் வாங்கினேன். இரண்டு வருஷம் மொட்டைமாடியில் ஒரே வரிசையில் நின்ற பிறகு பார்த்தால், அதில் இரண்டு ஒரே தாயிலிருந்து வெட்டிய துண்டுகள் மாதிரி இருக்கின்றன. வாங்கும்போது ஒன்று நிழல்வலைக்குள் நின்று ஒல்லியாக வெளிறிப்போயிருந்தது, மற்றது வெயிலில் நின்று முள் தடித்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, அவருக்கு யார் எந்தப் பெயரில் அனுப்பினார்களோ.

இப்படி ஒரே தாயிலிருந்து வெட்டி வந்தவற்றைத்தான் குளோன் என்பது, அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆய்வுக்கூடம் எல்லாம் ஞாபகத்துக்கு வரவேண்டாம். வாழையின் பக்கக்கன்று தாயேதான் இல்லையா, அது குளோன். மல்லியும் அப்படித்தான், மதுரைப் பக்கம் நடுகிற மல்லி நாற்று தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பதியனாக வருகிறது, விதை போட்டு யாரும் மல்லி வளர்ப்பதில்லை. அதே சமயம் இமாம் பசந்த் கொட்டையை நட்டு வந்த மரத்தை இமாம் பசந்த் என்று சொன்னால் நத்தத்துக்காரர்கள் சிரிப்பார்கள். கள்ளியிலும் இதே கணக்குதான். வெட்டி நட்ட துண்டுக்குத் தாயின் பெயரை வைக்கலாம், பழத்து விதையில் முளைத்ததற்கு வைக்கக்கூடாது. இது புரியாமல் விதைநாற்றுக்கெல்லாம் தாயின் பெயரை எழுதிக் கொடுத்தே பாதிக் குழப்பம் வந்தது.

சேகரிக்க இறங்குமுன், கையில் இருப்பது கள்ளிதானா என்று பாருங்கள். நம் ஊர் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியும் பெயரில் மட்டும்தான் கள்ளி, அவை வேறு குடும்பம், கீறினால் பால் வடியும், கண்ணில் பட்டால் படாதபாடு. தூண்கள்ளிகள் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவற்றில் முள் கிளம்பும் இடத்தில் ஒரு சின்னப் பஞ்சுப் பொட்டு இருக்கும், ஏரியோல் என்பார்கள். பொட்டு இருந்து பாலும் இல்லை என்றால் மேலே போகலாம்.

அப்புறம் இனம். நம்மிடம் புழங்கும் தூண்கள்ளிகளில் முக்கால்வாசி செரியஸ். பெருவியானஸ் என்ற சீட்டோடு வரும், இப்போது அதன் சரியான பெயர் செரியஸ் ரெபாண்டஸ், ஊர் கூராசோ, வெனிசுவேலாப் பக்கம், பெயரில்தான் பெரு. அந்தச் சீட்டோடு வருவதில் நிறைய உண்மையில் செரியஸ் ஹில்ட்மேனியானஸ். தண்டில் நீளவாக்கில் ஓடும் மேட்டை ரிப் என்போம். செரியஸில் அது மெலிந்து கத்தி மாதிரி உயர்ந்திருக்கும். ரிப் உருண்டு, ஒவ்வொரு பொட்டுக்கும் மேலே வி வடிவில் ஒரு பள்ளம் இருந்தால் அது பெரும்பாலும் ட்ரைகோசெரியஸ். தண்டு நல்ல நீலமாகவும், பொட்டுகளில் மயிர் நீண்டு தொங்கியும் இருந்தால் பைலோசோசெரியஸைச் சந்தேகப்படுங்கள், அது பிரேசில்காரர். மெக்சிகோ மிர்டிலோகாக்டஸும் நீலம்தான், ஆனால் ரிப் குறைவு, கொஞ்சம் வளர்ந்ததும் கிளைகள் மேல்நோக்கி வளைந்து ஏறும். ஃபேரி கேஸில் என்று குட்டிக் கோட்டை மாதிரி விற்பதும் செரியஸ் இல்லை, அது அகாந்தோசெரியஸ். சீட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

இனம் தெரிந்துவிட்டது, இனி இரண்டு செடி ஒரே குளோனா என்ற கேள்வி. என் அனுபவத்தில், பார்த்து வேறு என்று உறுதியாகச் சொல்லலாம். ஒன்றுதான் என்று பார்வையை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. அதனால் வித்தியாசத்தைத்தான் தேட வேண்டும், அதற்கு முதலில் வெயிலும் தண்ணீரும் உண்டாக்கிய வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்தும் ஒரே நீளத் துண்டு வெட்டி, ஒரே அளவுத் தொட்டியில், ஒரே மண்ணில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முழு வருஷம் வளருங்கள். கோடையும் பார்க்கணும், ஐப்பசி மழையும் பார்க்கணும். வைத்த பிறகு வளர்ந்த பகுதியை மட்டும் அளவுக்கு எடுங்கள், பழைய பகுதி பழைய வீட்டின் கதையைத்தான் சொல்லும்.

எதை அளப்பது? ரிப் எண்ணிக்கையை எல்லோரும் முதலில் எண்ணுவார்கள், அதை நான் கடைசியில்தான் நம்புவேன், ஏனென்றால் செடி தடிக்கத் தடிக்க ரிப் கூடும், ஒரே செடியில் ஒரு கிளை ஆறும் இன்னொரு கிளை ஏழுமாக இருக்கும். பொட்டுக்கும் பொட்டுக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் பரவாயில்லை. ஒரு ரிப்பில் பதினோரு பொட்டை எண்ணி, முதல் பொட்டிலிருந்து கடைசிப் பொட்டு வரை டேப் வைத்து, பத்தால் வகுத்தால் சராசரி வரும். முள்ளை நுனியிலும் எண்ணவேண்டாம், அடியிலும் எண்ணவேண்டாம், நடுவில் முதிர்ந்த ஐந்து பொட்டுகளை எடுத்து நடுமுள் எத்தனை, சுற்றுமுள் எத்தனை, மிக நீளமானது எவ்வளவு, புது முள் என்ன நிறம், ஒரு வருஷம் கழித்து என்ன நிறம் என்று எழுதுங்கள். புது முள்ளின் நிறம்தான் எனக்கு அதிகம் கைகொடுத்தது.

தண்டின் மேலிருக்கும் நீலப்பூச்சு ஆளை ஏமாற்றும். விரல் பட்டாலே அழியும், மேலே தண்ணீர் ஊற்றினாலும் போகும். போர் தண்ணீர் தெளிக்கிற வீட்டில் உப்புப் படிந்து வெள்ளை பூத்துக்கிடப்பதைப் பார்த்து, நீலக் குளோன் கிடைத்துவிட்டது என்று ஒரு நண்பர் துள்ளிக் குதித்தார். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்ததும் சாதாரணப் பச்சை.

போட்டோ எடுக்கும்போது உச்சியிலிருந்து நேர்கீழாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒரே ஒரு பொட்டு நெருக்கத்தில் ஒன்று. கூடவே பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், குறுக்களவு 27 மில்லிமீட்டர், அளவுக்குக் குறையே இல்லை. மத்தியான வெயிலில் எடுத்தால் எல்லாம் வெளிறித்தான் தெரியும், காலையில் எடுங்கள்.

உருமாறிய வகைகள் தனித் தலைவலி. மான்ஸ்ட்ரோஸ் என்கிற முண்டும் முடிச்சுமான செடியில் திடீரென்று ஒரு கிளை நேர்த்தண்டாகக் கிளம்பும். அந்தக் கிளையை வெட்டி நட்டால் பார்ப்பதற்கு முற்றிலும் வேறு செடி, ஆனால் அதே குளோன். முறுக்கிக்கொண்டு வளரும் ஸ்பைரல் வகையில் இதற்கு நேர்மாறு. அதை விதையிலும் உண்டாக்கி விற்கிறார்கள், ஆகவே இரண்டு முறுக்குச் செடி ஒரே குளோனாக இருந்தே தீரவேண்டும் என்றில்லை.

பூ வந்தால் பாதி வேலை முடிந்தது. செரியஸ் இரவில் விரிந்து காலையில் தொங்கிப்போகும், ஆகவே டார்ச்சும் அளவுகோலுமாக மாடியேற வேண்டியதுதான். பூக்குழல் வழவழவென்றால் செரியஸ், மயிர் அடர்ந்திருந்தால் ட்ரைகோசெரியஸ். இன்னொரு சோதனையும் உண்டு. பெருவியானஸ் என்ற சீட்டோடு வரும் செரியஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே குளோனின் இரண்டு தொட்டிகளும் இந்த விஷயத்தில் ஒரே ஆள்தான், ஆகவே ஒன்றின் மகரந்தத்தைத் தூரிகையால் மற்றதற்கு வைத்தால் காய் பிடிக்காது. பிடித்தால் இரண்டும் நிச்சயம் வேறு, பூச்சி வேறு மகரந்தம் கொண்டுவராதபடி பூவுக்குத் துணிப்பை கட்டியிருந்தால். பிடிக்கவில்லை என்றால் அவசரப்படாதீர்கள், மகரந்தம் செத்திருக்கலாம், அல்லது இரண்டும் அக்கா தங்கச்சியாக இருக்கலாம்.

துண்டு வாங்கும் சமாசாரம். நல்ல பழைய செடிகள் நர்சரியில் இல்லை, திருஷ்டிக்கு வாசலில் வைத்து மாடி உயரம் வளர்ந்துவிட்ட வீடுகளில்தான் இருக்கின்றன. கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், என்ன, அந்த அக்கா வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் வரவேண்டும். அந்த நேரத்தில் இது எங்கிருந்து வந்தது, எந்த வருஷம், யார் கொடுத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முள்ளும் ரிப்பும் சொல்லாததை இந்தக் கைமாறிய கதை சொல்லும். வெளிநாட்டிலிருந்து துண்டு வரவழைக்க ஆசைப்பட்டால், கள்ளிகள் அநேகமாக எல்லாம் சைட்டிஸ் என்கிற, காட்டு உயிர்களின் நாடுவிட்டு நாடு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்குள் வருபவை, பயிர்நலச் சான்றும் வேண்டும். சூட்கேஸில் சுருட்டிக்கொண்டு வரும் வேலை வேண்டாம்.

வெட்டுவது தை முதல் பங்குனி வரை. மழைக்காலத்தில் வெட்டினால் தாயும் அழுகும், துண்டும் அழுகும். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து ஒரே இழுப்பில் வெட்டி, விளிம்பைப் பென்சில் சீவுவது போலக் கொஞ்சம் சீவிவிடுங்கள், உள்சதை சுருங்கும்போது தோல் நீட்டிக்கொண்டு நிற்காது. மேல் எது கீழ் எது என்று அப்போதே குறித்துவிடுங்கள். நிழலில் நிற்கவைத்துக் காயவைக்கவேண்டும், படுக்கவைத்தால் வளைந்து கீழ்ப்பக்கமெல்லாம் வேர் விடும். கைத்தடிமன் துண்டுக்கு மூன்று வாரமாவது வேண்டும். பிறகு காய்ந்த மணலில் நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீரை மறந்துவிடுங்கள். மண் கலவையில் செம்மண் ஒரு பங்கு, தூள் சலித்த எம்-சாண்ட் இரண்டு பங்கு. திருமங்கலம் கரிசல்காரர்கள் சொந்த மண்ணை நம்பவேண்டாம். புதுத்துண்டை ஒரு மாதம் தனியாக வைத்து மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள்.

சீட்டை மார்க்கரில் எழுதினால் ஒரு சித்திரை வெயில் தாங்காது. குளிர்பானக் கேனைப் பட்டையாக வெட்டி ஆணியால் கீறி எழுதுங்கள், இல்லை பிளாஸ்டிக் சீட்டில் பென்சில், அது மார்க்கரைவிட நிற்கும். பெயர் சந்தேகமாக இருந்தால் பெயரே எழுதாதீர்கள், ஒரு எண்ணும், கொடுத்த ஊரும், தேதியும் போதும்.

ஒரே மாதிரி இருந்த என் மேலூர் ரோட்டுச் செடிகள் இரண்டும் நாலாவது வருஷம் பூத்தன. பூவுக்கெல்லாம் பை கட்டி ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்கு வைத்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் உசிலம்பட்டியில் வாங்கிய செரியஸின் மகரந்தத்தை வைத்தேன், பிடித்தது. இரண்டின் மகரந்தமும் அந்த உசிலம்பட்டிச் செடியில் காய் வைத்தது. நோட்டில் இரண்டு எண்களுக்கும் நடுவே பென்சிலில் ஒரு சமக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறேன்.